கூடைப்பந்தாட்டத்துக்கு மைக் பிடிக்கும் தம்பிமாரே, இவற்றைத் தவிருங்கள்

மட்டக்களப்பில் கூடைப்பந்தாட்டம் என்றதும் புனித மிக்கேல் கல்லூரியும், லூசியானாவிலிருந்து வந்து இங்குள்ள பிள்ளைகளுக்குப் பந்து பழக்கி 1990 ஓகஸ்டில் காணாமல் போன யூஜின் ஹெபர்ட் அடிகளாரும்தான் பேச்சில் வருவார்கள். ஆட்டத்தை இவ்வளவு நேசிக்கும் ஊரில், அறிவிப்பாளருக்கு மட்டும் யாரும் எதுவும் பழக்குவதில்லை. எங்கள் தலைமுறை விட்ட அதே பிழைகளைப் புதியவர்கள் திரும்பவும் விடுகிறார்கள். மைக்கைத் தட்டிப் பார்ப்பது போன்றவை தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பந்து ஓடும்போது பேசுவது

இதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். நம்மில் பலர் மென்பந்து கிரிக்கெட்டில் பேசிப் பழகி வந்தவர்கள். அங்கே ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையில் தாராளமாக நேரமுண்டு. கூடைப்பந்தில் 24 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும். அதற்குள் பந்து கடத்துபவன் எந்த ஆட்டமுறை என்று கூவுவான், பயிற்றுவிப்பாளர் ஓரத்திலிருந்து கத்துவார், பின்னால் ஆள் வருகிறது என்று தோழன் எச்சரிப்பான். இத்தனையையும் உங்கள் வர்ணனை விழுங்கிவிடுகிறது.

வினாடி எண்ணுவது இன்னும் மோசம். இங்கே நடந்த ஒரு பாடசாலைப் போட்டியில் கடைசி நிமிடம், ஒரு புள்ளி பின்னிலை. பந்து வைத்திருந்த பொடியன் இடம் பார்த்துக்கொண்டிருந்தான். அறிவிப்பாளர் தன் கைபேசியைப் பார்த்து “அஞ்சு, நாலு, மூண்டு” என்று முழங்கினார். பொடியன் பதறி நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்தே எறிந்தான். பந்து வளையத்தில் படவேயில்லை. மேசை அதிகாரிகளின் ஆட்டக் கடிகாரத்தில் இன்னும் நேரம் இருந்தது! விசில் ஊதினால் ஆட்டக் கடிகாரம் நிற்கும். கடைசி 2 நிமிடத்தில் கூடை விழுந்தாலும் நிற்கும். கைபேசிக்கு இதெல்லாம் தெரியுமா? பயிற்சியெல்லாம் வீணாகி, அந்தப் பிள்ளை அழுதுகொண்டு வெளியேறினான். அந்த அறிவிப்பாளரை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

1962இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏயில் வில்ட் சேம்பர்லின் 100 புள்ளி எடுத்த ஆட்டத்தின் அறிவிப்பாளர் டேவ் சிங்கொஃப். கடைசிக் கால்பகுதியில் சேம்பர்லினின் ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் மொத்தப் புள்ளியைச் சொன்னார், அரங்கம் கொதித்தது. பந்து வலைக்குள் விழுந்த பிறகு வரும் அந்த இரண்டு மூன்று வினாடிதான் நமக்குரியது. எறிந்தவரின் பெயரைச் சொல்லுங்கள், நிறுத்துங்கள்.

எல்லாப் பெயரையும் இழுப்பது

என்பிஏயின் சிகாகோ புல்ஸ் அணிக்கு அறிவிப்பாளர் ரே கிளே வீரர்களின் பெயரை இழுத்து அறிமுகம் செய்த பாணி எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் அது விளக்கணைத்து, ஆட்டம் தொடங்குமுன் செய்தது. லேக்கர்ஸ் அணியின் அறிவிப்பாளர் லோரன்ஸ் டான்டர் நிதானமான ஆழ்ந்த குரலிலேயே பல பத்தாண்டுகள் அந்த அரங்கைக் கட்டிப்போட்டவர். கத்தாமலும் முடியும்.

பவுலை ஊகிப்பது

மத்தியஸ்தர் மேசையைப் பார்த்து, பவுல் செய்தவரின் இலக்கத்தை விரலால் காட்டுவார். புள்ளிப் பதிவாளர் எழுதிய பிறகே சொல்லுங்கள். என்பிஏ பார்த்துப் பழகியவர்கள் கவனிக்கவும்: வீரர் வெளியேற அங்கே 6 பவுல், நமக்கு 5.

வெளியூர்ப் பெயர்கள்

ஆட்டத்துக்கு முன் அணி முகாமையாளரிடம் கேட்டு, உங்களுக்கு விளங்கும்படி தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். கண்டிப் பிள்ளையின் சிங்களப் பெயரும் கல்முனைப் பிள்ளையின் பெயரும் சரியாக ஒலிக்க வேண்டும். அவர்களின் பெற்றோரும் அரங்கில் இருப்பார்கள்.

ப்ரீ த்ரோ (பவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதல்)

வாயைத் திறக்காதீர்கள்.

ஒலிபெருக்கி

மேசை அதிகாரிகளின் தலைக்குமேல் கட்டாதீர்கள். மத்தியஸ்தர் சொல்வது அவர்களுக்குக் கேட்க வேண்டும்.