டயல் ரேசரில் எந்த எண்ணில் வழிப்பது?

டயல் வைத்த சேஃப்டி ரேசரைப் புதிதாக வாங்குகிறவர்கள் பலரும் அதிலுள்ள எண்ணை மிக்ஸியின் வேகம் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள், கூட வைக்க வைக்க முகம் வழவழப்பாகும் என்று. டயல் செய்வது ஒரே ஒரு வேலைதான். பிளேடின் விளிம்புக்கும் அதற்குக் கீழே இருக்கிற தடுப்புப் பட்டைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கூட்டும், குறைக்கும். இடைவெளி கூடினால் பிளேடு இன்னும் கொஞ்சம் வெளியே தெரியும், நீளமான முடியும் நுரையும் அடைக்காமல் உள்ளே போகும், கூடவே தோலையும் தாராளமாகப் பதம் பார்க்கும். ஆகவே எந்த எண் என்று முடிவு செய்யவேண்டியது முகத்தில் இப்போது எவ்வளவு முடி நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான். வழவழப்பு வேறு கதை, அது எத்தனை சுற்று வழிக்கிறீர்கள், எந்தக் கோணத்தில் பிடிக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

அப்படியானால் எப்போதும் 1-லேயே வைத்துவிட்டால் பத்திரம்தானே என்று கேட்கலாம். பாதிதான் சரி. நாலு நாள் தாடியை 1-ல் இழுத்தால் ரேசர் முடியின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும், நீங்கள் அதே இடத்தில் ஐந்தாறு தடவை இழுப்பீர்கள், அந்த இழுப்புகளுக்குள் நுரை போய்விடும், வெறும் தோலில் பிளேடு உரசும். சாயங்காலம் வரை கழுத்து எரிவது பெரும்பாலும் இதனால்தான். அளவான எண்ணில் ஒரே இழுப்பில் எடுப்பது, குறைந்த எண்ணில் ஐந்து தடவை சுரண்டுவதைவிடத் தோலுக்கு நல்லது.

எல்லா ரேசரின் எண்ணும் ஒன்றல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜில்லெட் 1958-ல் கொண்டுவந்த, இன்றைக்கு ஃபேட்பாய் என்று எல்லோரும் கூப்பிடுகிற ரேசரிலும் அடுத்து வந்த ஸ்லிமிலும் 1 முதல் 9 வரை. ஜெர்மனியின் சோலிங்கனில் தயாராகும் மெர்க்கூர் புரோகிரஸில் 1 முதல் 5, அதே கம்பெனியின் ஃபியூச்சரில் 1 முதல் 6. இந்தியாவில் தயாராகும் பார்க்கர் வேரியன்ட்டில் 1 முதல் 5. ராக்வெல்லின் 6சி, 6எஸ் ரேசர்களில் டயலுக்குப் பதிலாக, எண் போட்ட தட்டுகளை மாற்றி மாற்றிப் போடவேண்டும். ஆக யாராவது "நான் 4-ல் வழிக்கிறேன்" என்றால் எந்த ரேசர் என்று கேட்காமல் அதைப் பின்பற்றாதீர்கள், ஃபியூச்சரின் 4 ஸ்லிமின் 4-ஐவிட நன்றாகவே கடிக்கும்.

பிளேடு போடுவதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். பழைய ஜில்லெட்டில் அடியிலுள்ள குமிழைத் திருகினால் தலையில் இரண்டு கதவுகள் திறக்கும், பிளேடை வைத்து மூடவேண்டும். எண்ணை மாற்றும்போது குமிழைக் கால் சுற்று தளர்த்தி, மாற்றி, மறுபடி இறுக்குவது உள்ளே இருக்கிற பாகங்களுக்கு நல்லது. புரோகிரஸில் மேல்மூடியில் ஒரு பக்கம் சின்னக் குறி இருக்கும், அது கைப்பிடியில் உள்ள குறியின் பக்கமே வரவேண்டும். மாற்றிப் போட்டால் எண்ணெல்லாம் தப்பாகக் காட்டும். ஃபியூச்சரின் மூடியைப் பிடித்து இழுத்துத்தான் கழற்றவேண்டும், சோப்புக் கையோடு அதைச் செய்யாதீர்கள், பிளேடு உள்ளேயே இருக்கிறது. எந்த ரேசரானாலும் பிளேடு போட்டபின் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே அளவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கடிக்கிறது என்று புலம்புகிறவர்கள் பலர் இந்த ஒரு பார்வையைத்தான் தவறவிடுகிறார்கள்.

பிளேடு விஷயத்தில் என் கருத்து எளிது: கடையில் சுலபமாகக் கிடைக்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு, டயல் பழகும்வரை மாற்றாதீர்கள். 7 ஓ கிளாக்கோ சூப்பர்மேக்ஸோ, எது உங்கள் பெட்டிக்கடையில் இருக்கிறதோ அது. ஒரே நேரத்தில் பிளேடையும் சோப்பையும் எண்ணையும் மாற்றினால் எதனால் எரிந்தது என்று கடைசிவரை தெரியாது. ஜப்பானின் ஃபெதர் மாதிரி ரொம்பக் கூர்மையான பிளேடுக்கு மாறும் அன்றைக்கு எண்ணில் ஒன்றைக் குறைத்துத் தொடங்குங்கள். ஒரு பிளேடு நாலைந்து சவரம் தாங்கும், முடியைப் பிடித்து இழுக்கிற மாதிரி தோன்றினாலே மாற்றிவிடலாம், விலை அப்படி ஒன்றும் இல்லை.

இப்போது தண்ணீர். தாடி முடி காய்ந்திருக்கும்போது முரடு, தண்ணீர் குடித்தால் நன்றாக மெத்தென்று ஆகிவிடும். குளித்தவுடன் வழிப்பது எல்லாவற்றையும்விட வசதி, இல்லாவிட்டால் இரண்டு மூன்று நிமிடம் முகத்தை நனைத்து நனைத்து வையுங்கள். வெந்நீர் இருந்தால் நல்லது, சென்னை வெயிலில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வரும். ஆனால் அதே சென்னையிலும் இன்னும் பல ஊர்களிலும் போர் தண்ணீர் கடுமையான உப்பு, அதில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போய்விடும், ஆட்கள் கிரீமைத் திட்டுவார்கள். நுரை கலக்க மட்டும் ஒரு டம்ளர் கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள், முகம் கழுவ உப்புத் தண்ணீரே போதும். பிரஷை நனைத்து உதறிவிட்டு, ஒரு பாதாம் அளவு கிரீமைக் கிண்ணத்தில் போட்டுக் கலக்கத் தொடங்கி, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். பெரிய குமிழி இல்லாமல், லேசான பளபளப்போடு, பிரஷைத் தூக்கினால் கொஞ்சம் வளைந்து நிற்கிற நுரைதான் வேண்டும். முகத்தில் தடவிய இரண்டாவது நிமிடத்திலேயே காய்ந்து வெள்ளைப் பொருக்காகிறது என்றால் தண்ணீர் போதவில்லை. டப்பாவை அமுக்கினால் பொங்கி வருகிற ஃபோமைவிட இது எவ்வளவோ மேல், இடைவெளியைக் கூட்டி வழிக்கும்போது அந்த வித்தியாசம் கன்னத்திலேயே தெரியும்.

நுரை போடுவதற்கு முன் இன்னொன்று. கை விரலால் முகத்தைத் தடவிப் பார்த்து முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். வழுக்கிக்கொண்டு போகிற பக்கம் முடியின் திசை, சொரசொரவென்று தடுக்கிற பக்கம் எதிர்த்திசை. கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழ்தான். கழுத்தில் அப்படிச் சொல்ல முடியாது, சிலருக்குப் பக்கவாட்டில் போகும், சிலருக்குக் கீழிருந்து மேலே வளரும், ஒரே கழுத்தில் இடது ஒரு பக்கமும் வலது ஒரு பக்கமும் போவதும் உண்டு.

கோணம் பிடிக்க இதுதான் சுலபமான வழி: ரேசரின் மேல்மூடியைக் கன்னத்தில் தட்டையாக வைத்து, கைப்பிடி முகத்திலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், அப்புறம் கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் பிளேடு முடியைத் தொடும். அங்கே நிறுத்துங்கள், ஏறத்தாழ 30 டிகிரி. சரியான இடத்தில் முடி அறுபடுகிற சத்தம் சரசரவென்று காதில் கேட்கும். ஃபேனை நிறுத்திவிட்டு வழித்துப் பாருங்கள், அந்தச் சத்தம் நன்றாகவே வழிகாட்டும். அழுத்தம் என்பதே கூடாது. மூன்று பிளேடு, ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜில் பழகிய கை அழுத்தத்தான் பார்க்கும், அதனால் கைப்பிடியை அடிப்பக்கமாக, விரல் நுனியில் பிடியுங்கள், ரேசரின் எடையே வேலையைச் செய்துவிடும். இழுப்பு குட்டிக் குட்டியாக, ஓர் அங்குலம் ஒன்றரை அங்குலம் போதும். தவறியும் பக்கவாட்டில் நகர்த்தக்கூடாது, நீளமாகக் கிழிவது அப்படித்தான்.

சரி, எண். முதல் வாரம் எந்த ரேசரானாலும் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள்: ஒன்பது எண் உள்ளதில் 3, ஐந்து ஆறு எண் உள்ளதில் 2. கை பழகியபின் என் பரிந்துரை, சுற்றுக்குச் சுற்று குறைத்துக்கொண்டு போவது. முதல் சுற்றில் முடி நீளமாக இருக்கிறது, எண்ணைக் கொஞ்சம் கூட வைத்து முடியின் திசையிலேயே வழித்துவிடுங்கள். ஒன்பது எண் ரேசரில், தினமும் வழிக்கிறவருக்கு 4 அல்லது 5, ஒரு வாரத் தாடி என்றால் 7 வரை போகலாம். மறுபடி நுரை போட்டு, இரண்டு எண் குறைத்து, குறுக்கே ஒரு சுற்று. இங்கேயே பெரும்பாலானவர்களுக்கு வேலை முடிந்துவிடும். கல்யாணம், இன்டர்வியூ என்று இன்னும் வழவழப்பு வேண்டுமானால் இன்னும் குறைத்து எதிர்த்திசையில் ஒரு சுற்று. முடி நிற்காத இடத்தில் பெரிய இடைவெளிக்கு வேலையே இல்லை, அது தோலைத்தான் தேடும். சுருட்டை முடிக்காரர்கள் எதிர்த்திசையில் போகவே வேண்டாம், ரொம்ப ஒட்ட வெட்டிய முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கழுத்தெல்லாம் குரு குருவாகக் கிளம்பும்.

சில இடங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். தாடை எலும்பின் மேல் வழிக்கும்போது தோலைக் கன்னத்துப் பக்கம் மேலே இழுத்து, எலும்புக்கு மேல் இல்லாமல் தட்டையான இடத்தில் வழியுங்கள். குரல்வளை மேட்டில் தோலை விரலால் ஒரு பக்கமாக நகர்த்தி, மேட்டை விட்டு விலகியபின் இழுக்கவேண்டும். கழுத்து முழுவதற்குமே கன்னத்தைவிட ஓர் எண் குறைவு. மீசை வைத்திருப்பவர்களுக்கு இந்த ரேசரின் தலை அகலம், ஓரம் கண்ணுக்குத் தெரியாது. மீசைக் கோட்டில் இருக்கிற நுரையை விரலால் துடைத்துக் கோடு தெரியும்படி செய்துகொண்டு, டயலை 1-க்குக் கொண்டுவந்து, ரேசரின் மூலையால் வெளியிலிருந்து கோட்டை நோக்கி இல்லாமல் கோட்டிலிருந்து வெளியே இழுங்கள். பரு இருக்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுங்கள், இரண்டு முடி நின்றால் யாரும் பார்க்கப் போவதில்லை.

முடித்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவிவிட்டு, ஈர முகத்தில் படிகாரக் கல்லைத் தேய்த்து அரை நிமிடம் விட்டுக் கழுவுங்கள். சலூனில் அண்ணன் கடைசியாகத் தேய்ப்பாரே, அதே கல்தான், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். சின்னக் கீறலில் ரத்தம் நிற்பதற்கு மட்டுமல்ல, டயலைத் திருத்தவும் அது உதவும். கழுத்தில் மட்டும் சுரீர் என்றால் கழுத்துக்கு இன்னும் ஓர் எண் குறையுங்கள். முகம் முழுக்க எரிந்தால் எண்ணைத் தொடாதீர்கள், கை அழுத்துகிறது. எரிச்சலே இல்லை, ஆனால் முடி அங்கங்கே நிற்கிறது என்றால் அடுத்த முறை ஓர் எண் கூட்டலாம். ஊசி குத்தியது போலப் புள்ளிப் புள்ளியாக ரத்தம் வந்தால் கோணம் செங்குத்தாகிவிட்டது என்று சந்தேகப்படுங்கள்.

டயல் ரேசருக்கு ஒரு பலவீனம் உண்டு. உள்ளே பாகங்கள் அதிகம், உப்புத் தண்ணீரும் சோப்பும் சேர்ந்து படிந்து டயல் இறுகிப்போகும். ஒவ்வொரு முறையும் நன்றாக அலசி உதறி வைப்பதோடு, மாதம் ஒருமுறை பிளேடை எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் பழைய டூத்பிரஷால் தேய்த்து, டயலை முழுசாக இரண்டு பக்கமும் திருகி அலசுங்கள். புளி, அமிலம் எதையும் வைத்துத் தேய்க்கவேண்டாம், மேல்பூச்சு போய்விடும். பழைய ஜில்லெட்டை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் டயல் எல்லா எண்ணுக்கும் போகிறதா, கதவு இரண்டும் சமமாக மூடுகிறதா என்று பார்த்தபின் பணம் கொடுங்கள். அதில் பொறித்திருக்கும் எழுத்து தயாரான ஆண்டு, எண் காலாண்டு: எஃப்-3 என்றால் 1960-ன் மூன்றாம் காலாண்டு.

பயன்படுத்திய பிளேடை அப்படியே குப்பையில் போடாதீர்கள், குப்பையைக் கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளரின் விரல் போகும். மூடியுள்ள ஒரு தகர டப்பாவில் சின்னதாக ஓட்டை போட்டு அதற்குள் தள்ளிக்கொண்டே வாருங்கள், நிறைய வருடம் தாங்கும். விமானத்தில் போகும்போது பிளேடைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள், ரேசரிலிருந்தும் கழற்றி எல்லாப் பிளேடையும் செக்-இன் பெட்டியில் வையுங்கள்.