கட்டியை மட்டும் பார்க்கும் தவறு

அம்பை 16 விதை நெல்லைத் திசையன்விளைப் பக்கம் தேரிமணலில் தூவினால் பிழைக்காது. அதே விதை சேரன்மகாதேவி வயலில் கதிர் சாயச் சாய விளையும். 1889-இல் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் குறிப்புகளைப் புரட்டிவிட்டு இதே கணக்கைத்தான் எழுதினார். புற்றணு எங்கும் போகும், தோதான நிலம் வாய்த்த உறுப்பில்தான் வேர் பிடிக்கும்.

பாளையங்கோட்டையில் ஓர் ஆய்வகத்தில் பயாப்ஸி சதையை மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றுவது என் வேலை. பெருங்குடல் கட்டியின் சீவலை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் புற்றணுக்கள் ஊதா நிறத்தில், கோணல்மாணலான வளையங்களாகத் தெரியும். அவற்றுக்கு நடுவே ரோஸ் நிற நார், ரத்தக் குழாய்கள், ஓரத்தில் எள்ளைச் சிந்தினாற்போல் வெள்ளணுக்கள். சில கட்டிகளில் பாதிக்கு மேல் நார்தான். அப்படி நார் கூடிய கட்டிகள் பொதுவாக முரண்டு பிடிக்கும். கட்டி என்றால் புற்றணு உருண்டை என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

“கத்தி பட்டா பரவிரும்லா, அண்ணாச்சி?” என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். ஆசனவாய் வழியே குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் கிள்ளி எடுப்பது மிளகளவுகூட இராது. அதற்குப் பயந்து, மலத்தில் ரத்தம் போவதை மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவுகிறார்கள். அந்த மாதங்களில்தான் கட்டி தன்னைச் சுற்றி நிலத்தைப் பண்படுத்துகிறது. குடலின் உட்சுவரில் பாலிப் என்னும் சிறு சதை மொட்டாக முளைத்தது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம்போல ஆகும். பாலிப்பாக இருக்கும்போதே கொலோனோஸ்கோபியில் எடுத்துவிட்டால் அது புற்றாகாது.

அடுத்தது, எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் கட்டி கரைந்துவிடும் என்று பொடியும் லேகியமும் வாங்குவது. வெள்ளணுக்களில் பல ரகம் உண்டு. புற்றணுவைத் தாக்கும் டி செல்கள் என்னும் ரகம் கட்டிக்குள் நெருக்கமாகப் புகுந்திருந்தால் நோயாளி நன்றாகத் தேறுகிறார். பெருங்குடல் கட்டிகளில் 2006-இல் பாரிஸில் ழெரோம் காலனின் குழு இதைக் காட்டியது. ஆனால் மேக்ரோபேஜ் என்னும் இன்னொரு ரகத்தைக் கட்டி தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். புண் ஆற்ற வந்த அவை கட்டிக்கு நார் போடவும், புது ரத்தக் குழாய் விடவும் உதவுகின்றன. கட்டியை ஆறாத புண் என்று 1986-இல் ஹெரால்டு டுவோராக் சொன்னது அதனால்தான். ஆக, வெள்ளணு எத்தனை என்பதைவிட, எந்த ரகம், எந்த இடத்தில், யார் பக்கம் என்பதே முக்கியம். எந்தப் பொடியும் அதைத் தேர்ந்தெடுத்துத் தராது. சில பொடிகள் கல்லீரலைக் கெடுத்துக் கீமோவைத் தள்ளிப்போட வைக்கும்.

என் பெரியம்மா சர்க்கரை கட்டிக்குத் தீனி என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சோற்றையும் பழத்தையும் நிறுத்தினார்கள். இரண்டு மாதத்தில் கைவளையல் முழங்கை வரை ஏறியது. புற்றணு சர்க்கரையை அதிகம் இழுப்பது உண்மை. நாம் சாப்பிடாவிட்டால் உடம்பு தன் தசையைக் கரைத்து ரத்தத்தில் சர்க்கரையை நிரப்பும். பட்டினி கிடந்தது பெரியம்மா, கட்டி அல்ல.

ஃபியூசோபாக்டீரியம் என்ற வாய்க் கிருமி பெருங்குடல் கட்டிகளில் இருப்பது 2012-இல் தெரியவந்தது. அதைப் படித்துவிட்டுக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். நல்ல கிருமிகளும் சேர்ந்து சாகும்.

கட்டியின் ரத்தக் குழாய்களைத் தடுக்கும் பெவாசிசுமாப் 2004-லிருந்து இந்நோய்க்குப் புழக்கத்தில் இருக்கிறது. கட்டிக்குக் குழாய் விடாத மருந்து, தையல் போட்ட புண்ணுக்கும் விடாது. அதனால் அறுவைக்கும் அதற்கும் குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். இங்கிருந்து மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ வைத்தியம் மாற்றுகிறவர்கள், கடைசி ஊசி போட்ட தேதியைப் புது டாக்டரிடம் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது, உடம்பின் வெள்ளணுக்களையே கட்டிமேல் ஏவிவிடும் இம்யூனோதெரபிக்காக வயலை அடமானம் வைப்பது. பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் மரபணுப் பிழை திருத்தும் புரதம் பழுதான கட்டிகளில் அருமையாக வேலை செய்கின்றன. அவற்றில் பிழைகள் குவிந்து, டி செல்கள் ஏற்கெனவே உள்ளே வந்திருக்கும். பெருங்குடல் புற்றில் அத்தகையவை சுமார் 15 சதவீதம், பிற உறுப்புக்குப் பரவிய நிலையில் 5 சதவீதம் அளவே. மற்றவற்றில் தனியாகக் கொடுத்தால் பெரும்பாலும் பலன் இராது. உங்களுடையது எந்த ரகம் என்பதை எங்கள் மெழுகுப் பிளாக்கில் சாயம் ஏற்றியே பார்த்துவிடலாம். கடன் வாங்கும் முன் அந்தப் பரிசோதனை ஆயிற்றா என்று கேளுங்கள்.

ஊர் மாறும்போது ரிப்போர்ட்டோடு பிளாக்கையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எண் எழுதிய தீப்பெட்டி அளவுகூட இல்லாத பிளாஸ்டிக் கூடு அது. சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டில் வைத்துவிடாதீர்கள். மெழுகு இளகிவிடும்.