கரும்பொருளின் கைவேலையைச் சித்திரை வானில் பார்ப்பது எப்படி?

கரும்பொருள் (dark matter), அதாவது ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் பொருள், கண்ணுக்குத் தெரியாது. அது செய்துவைத்த வேலை தெரியும். 8 அங்குல டாப்சோனியன் (எளிய தாங்கியில் நிற்கும் ஆடித் தொலைநோக்கி) போதும். மதுரை வெளிச்சத்தைவிட்டு விலகுங்கள். எனக்குப் பேரையூர் தாண்டிச் சாப்டூர்ப் பக்கம்தான் சரிப்படும். அழகர் ஆற்றில் இறங்கும் பௌர்ணமி வேண்டாம், அமாவாசையை ஒட்டிய இரவு பாருங்கள். ஏப்ரலில் 11 மணிவாக்கில் கன்னித் திரள்கொத்து (கன்னி ராசிப் பக்கம் உள்ள விண்மீன்திரள்களின் கூட்டம்) நமக்குக் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். உச்சிக்குத் திருப்பினால் டாப்சோனியன் அடம்பிடிக்கும். 9 மணிக்கே தொடங்கிவிடுங்கள்.

உத்திர நட்சத்திரத்துக்கும் கன்னி ராசியின் விண்டமியாட்ரிக்ஸ் விண்மீனுக்கும் நடுவில், குறைந்த உருப்பெருக்கத்தில் துழாவுங்கள். எம்84, எம்86 என்ற விண்மீன்திரள்கள் மங்கலான உருண்டைகளாகத் தெரியும். சற்றுத் தள்ளி எம்87. சுருள் கைகளைத் தேடாதீர்கள், அவற்றுக்கு இல்லை.

காரணம் இடம். சுமார் 5.4 கோடி ஒளியாண்டுத் தொலைவில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்திரள்கள் ஒரே பெரிய கரும்பொருள் உறைக்குள் (அவற்றைச் சூழ்ந்து நிற்கும் கரும்பொருள் திரட்சிக்குள்) கிடக்கின்றன. அந்த ஈர்ப்பில் விழும் வாயு கோடிக்கணக்கான டிகிரி சூடேறுகிறது; எம்87-இன் கருந்துளையும் தன் பங்குக்குச் சூடேற்றுகிறது. குளிராத வாயுவில் விண்மீன் பிறக்காது. புதிதாக உள்ளே பாயும் சுருள் திரளிடமிருந்தும் அந்தச் சூட்டு வாயு குளிர்ந்த வாயுவை உரித்துவிடும், எதிர்சேவைக் கூட்டத்தில் தோள்துண்டு பறிபோவதுபோல.

விண்மீன் ஆக்கத்துக்குத் தோதானது இவ்வளவு பெரிய உறை அல்ல; சூரியனைப்போல் ஏறத்தாழ 1 லட்சம் கோடி மடங்கு நிறையுள்ள உறைதான்.

நள்ளிரவில் தெற்கே, பாதி உயரத்தில் எம்83 என்ற சுருள் திரளைப் பிடியுங்கள். நெரிசலற்ற சிறு கூட்டத்தில் இருப்பது. இன்னும் விண்மீன்களை ஈன்றுகொண்டிருக்கிறது. நேராக முறைக்காமல் ஓரக்கண்ணால் பார்த்தால் சுருளின் சாயல் தட்டுப்படும். போன் திரையை மட்டும் தயவுசெய்து அணைத்துவிடுங்கள்.