வாங்கி வந்த கோழிக்குஞ்சு சோர்ந்து போனால்

சந்தையிலோ, தெருவில் கூடையில் வைத்துச் சாயம் பூசிய குஞ்சுகளை விற்பவரிடமோ வாங்கி வந்த கோழிக்குஞ்சு, வீடு வந்த சில மணி நேரத்தில் தலையைத் தொங்கப்போட்டுக் கண்ணை மூடி நின்றால், பெரும்பாலோர் உடனே அரிசி நொய்யை எடுத்து வந்து அதன் வாயருகே நீட்டுகிறார்கள். அந்த நேரத்தில் அதற்குத் தேவை தீனி அன்று. முதலில் சூடு, பிறகு தண்ணீர், அதன் பின்னரே தீனி. பொரித்து வந்த குஞ்சின் வயிற்றில் எஞ்சியிருக்கும் மஞ்சள் கரு இரண்டு மூன்று நாட்கள் வரை அதைத் தாங்கும். ஆனால் உடல் குளிர்ந்துவிட்டால் உள்ளே போகும் தீனி செரிக்காது.

முதல் வாரத்தில் குஞ்சு நிற்கும் மட்டத்தில் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும்; பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். ஒரு அட்டைப்பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் 40 அல்லது 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டால், சூடு மிகும்போது குஞ்சு மறுமூலைக்கு நகர்ந்துகொள்ளும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. மின்சாரம் இல்லாத நேரத்தில், வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைக்கலாம். குஞ்சு விளக்கடியில் ஒடுங்கிக் கீச்சிட்டால் சூடு போதவில்லை. விலகிப் போய் வாய் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். தரையில் உமியோ பழைய துணியோ விரியுங்கள். வெறும் செய்தித்தாள் வழுக்குவதால் கால்கள் பக்கவாட்டில் விரிந்து, நடக்கவே முடியாமல் போகலாம். சாயத்தைப் போக்குவதற்காகக் குளிப்பாட்டவே கூடாது.

உடல் சூடேறியபின், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை கலந்து, அலகின் நுனியை மட்டும், மூக்குத் துளை நனையாமல், அதில் தொட்டு எடுங்கள். நாக்கு அசைந்து, தலையை நிமிர்த்தி விழுங்கினால் நம்பிக்கை உண்டு. விழுங்காத குஞ்சின் வாயில் சொட்டு மருந்துக் குழாயால் நீரைப் பீய்ச்சினால் அது மூச்சுக்குழலில் இறங்கி உயிரையே பறித்துவிடும். அலகின் ஓரத்தில் ஒரு துளி வைத்து, அது உள்ளே போகும்வரை பொறுத்திருங்கள். சர்க்கரை நீர் முதல் நாளுக்கு மட்டுமே. தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வைத்தால் குஞ்சு விழுந்து நனையாது.

அடுத்து வால் அடியைப் பாருங்கள். எச்சம் காய்ந்து மலத்துவாரத்தை அடைத்திருந்தால், பிய்த்து இழுக்காமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை வைத்து ஊறவிட்டுத் துடைத்து, ஈரம் உலர்ந்ததும் சிறிது தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அதற்குக் கீழே வயிற்றுப் பக்கம் தெரியும் சிறு கரும்பொருக்கு தொப்புள், அதைத் தொடாதீர்கள். தொப்புள் ஈரமாக வீங்கி நாற்றம் அடித்தால் அது தொற்று, கைவைத்தியத்தில் தீராது.

தானாக நிற்கத் தொடங்கியதும் குஞ்சுத் தீவனத்தைத் தாளில் தூவி விரலால் தட்டிக் காட்டினால், தாய்க்கோழி கொத்துவதாக எண்ணிக் கொத்தும். குஞ்சுத் தீவனம் கிடைக்காவிட்டால், ஓரிரு வேளைக்கு வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்துப் போடலாம். மீந்ததை உடனே எடுத்துவிட வேண்டும்.

வெள்ளைக் கழிச்சல், எச்சத்தில் இரத்தம், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். 1962 என்ற கால்நடை உதவித் தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம். கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கை அளவு தெரியாமல் கலந்து கொடுப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். புதுக் குஞ்சை இரண்டு மூன்று வாரமாவது வீட்டுக் கோழிகளிடமிருந்து பிரித்து வைத்து, தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் அதை முகத்தருகே கொண்டுபோக விடாதீர்கள். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக இடும் இராணிக்கெட் (கோழிகளைத் தாக்கும் கொடிய தொற்றுநோய்) தடுப்பு மருந்து, குஞ்சு முழுதாகத் தேறிய பிறகே தரப்பட வேண்டும். எந்த நாளில் தருவது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.