ஒலிவியா டி ஹாவிலண்டின் படங்களை எந்த வரிசையில் பார்க்கலாம்?

ஹாலிவுட் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்டை அறிய விரும்புவோர், அவருடைய படங்களை வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் மீது அவர் தொடுத்த வழக்குக்கு முன், பின் என இரண்டாகப் பிரித்துக்கொண்டு பார்ப்பது நல்லது. அந்த வழக்கை விட்டுவிட்டால், சாந்தமான முகம் கொண்ட ஓர் அழகிய நடிகை என்பதற்கு மேல் அவரைப் பற்றி எதுவும் நமக்குப் பிடிபடாது.

1916இல் டோக்கியோவில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்து, கலிஃபோர்னியாவில் வளர்ந்த அவர், 18 வயதில் அந்நிறுவனத்தின் ஒப்பந்த நடிகையானார். எர்ரல் ஃபிளினுடன் அவர் ஜோடி சேர்ந்த படங்களில் 1938இல் வெளியான 'த அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' ஒன்றைப் பார்த்தாலே போதும். அடுத்து 'கான் வித் த விண்ட்' (1939). வீட்டுக்குள் புகுந்த படைவீரன் சுடப்பட்டு விழுந்ததும், நோயில் தளர்ந்த மெலனி (ஒலிவியா ஏற்ற வேடம்) வாளை இழுத்துக்கொண்டு மாடிப்படியில் வந்து நிற்பதையும், வெளியே இருப்பவர்களிடம் சற்றும் தயங்காமல் பொய் சொல்லிச் சமாளிப்பதையும் கவனியுங்கள். அந்த மென்மைக்குள் இருக்கும் உறுதி அங்கேயே தெரிந்துவிடுகிறது. இது வார்னர் பிரதர்ஸ் தந்த வேடமன்று. வேறொரு தயாரிப்பாளருக்கு அவர் இரவலாக அனுப்பப்பட்டபோது கிடைத்தது.

இந்த இடத்தில் படங்களை நிறுத்திவிட்டு வழக்கைப் படியுங்கள். பிடிக்காத வேடங்களை மறுக்கும்போதெல்லாம் நிறுவனம் அவரைச் சம்பளமின்றி இடைநீக்கம் செய்து, அந்த நாட்களை ஒப்பந்தத்தின் இறுதியில் கூட்டிக்கொண்டே வந்தது. ஏழாண்டு ஒப்பந்தம் முடிந்தும் விடுவிக்க மறுத்ததால் 1943இல் அவர் நீதிமன்றம் சென்றார். ஏழு ஆண்டுகள் என்பது நாட்காட்டிக் கணக்கிலான ஏழு ஆண்டுகளே என 1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் பெயராலேயே இன்றும் வழங்கப்படும் அந்தச் சட்டவிதி, மற்ற ஒப்பந்தக் கலைஞர்களுக்கும் காப்பாக அமைந்தது. ஒரு தனி நடிகை வேலையைப் பணயம் வைத்துப் பெற்றுத் தந்த இந்த உரிமையை, அவர் பெற்ற எந்த விருதைவிடவும் பெரிதாக நான் மதிக்கிறேன்.

பிறகு, அவருக்கு முதல் ஆஸ்கரைத் தந்த 'டு ஈச் ஹிஸ் ஓன்' (1946), மனநல மருத்துவமனையில் நிகழும் 'த ஸ்நேக் பிட்' (1948) ஆகிய இரண்டையும் பார்த்துவிட்டு, இரண்டாம் ஆஸ்கர் பெற்ற 'த ஏரஸ்' (1949) படத்துக்கு ஒரு மாலைப்பொழுதை முழுமையாக ஒதுக்குங்கள். காதலன் வராமல் ஏமாற்றிய இரவில் பெட்டியைச் சுமந்து படியேறும் அவருடைய தளர்ந்த நடையையும், ஆண்டுகள் கழித்து அதே காதலன் கதவைத் தட்டிக்கொண்டிருக்க விளக்கை ஏந்தி அதே படிகளில் ஏறும் நடையையும், முடிந்தால் அடுத்தடுத்துப் போட்டு ஒப்பிடுங்கள். வசனமே இல்லாமல் ஒரு பெண்ணின் மனம் இறுகிப்போன கதை அங்கே முழுமையாக விளங்கும்.

1950களில் பாரிஸில் குடியேறி, 2020இல் 104ஆம் வயதில் அங்கேயே மறைந்த அவருடைய பிற்காலப் படங்களில், 'ஹஷ்... ஹஷ், ஸ்வீட் சார்லட்' (1964) படத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்; அதன் கதைச்சுருக்கத்தை மட்டும் முன்கூட்டிப் படித்துவிடாதீர்கள்.