எண்ணெய்க் குளியல் முதல் நடைவண்டி வரை: பிள்ளையின் உடல் வளர்ச்சிக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

காரைக்குடியில் குழந்தைகளுக்கான பிசியோதெரபி பார்க்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு நாள், தடவைக்கு முக்கால் மணி நேரம்தான் கிடைக்கிறது. மிச்ச நேரமெல்லாம் பிள்ளை வீட்டில்தானே இருக்கிறது? அதனால் முதல் நாளே அம்மாக்களிடம் ஒன்று சொல்லிவிடுவேன்: பயிற்சிக்கென்று தனியாக நேரம் தேட வேண்டாம், குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் வளவில் விளையாட விடும்போதும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்படிச் சேர்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள்

குறைமாதத்தில் பிறந்த பிள்ளையை நிறைமாதப் பிள்ளையோடு ஒப்பிட்டு அழுகிற அம்மாக்களை வாராவாரம் பார்க்கிறேன். முழுக் கணக்கு 40 வாரம். 32 வாரத்தில் பிறந்திருந்தால் 8 வாரத்தைக் கழித்துவிடுங்கள். இன்றைக்கு 8 மாதம் ஆன அந்தப் பிள்ளையிடம் 6 மாதப் பிள்ளை செய்வதை எதிர்பார்த்தால் போதும். 2 வயது வரை இப்படிக் கணக்கிடலாம்.

உலக சுகாதார நிறுவனம் 5 நாடுகளில் (நம் டெல்லியும் அதில் உண்டு) பிள்ளைகளைப் பார்த்து 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்கார ஏறக்குறைய 4 முதல் 9 மாதம், தவழ 5 முதல் 13½ மாதம், தனியாக நடக்க 8 முதல் 17½ மாதம். பாருங்கள், எவ்வளவு அகலமான இடைவெளி! பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டது என்பதற்காக நீங்கள் தூக்கம் கெட வேண்டாம். நூற்றில் நாலு பிள்ளைகள் தவழாமலே நடந்தும் விடுகின்றன. ஆனால் "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் நடக்கும்" என்று சும்மா இருப்பதும் தப்பு. அந்த ஆய்வில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

2. குப்புறப் படுக்கை: அப்பத்தாவின் காலே போதும்

தவழாத பிள்ளை விழித்திருக்கும்போது ஒரு நாளைக்குக் குறைந்தது 30 நிமிடமாவது குப்புறக் கிடக்க வேண்டும், அதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து. கழுத்து, தோள், முதுகு மூன்றும் அப்போதுதான் வலுக்கும். தூங்கும்போது மட்டும் மல்லாந்துதான் படுக்க வேண்டும்; இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

"குப்புறப் போட்டா கத்துறான்" என்பார்கள். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் ஐந்து மாதப் பிள்ளை, ஆறு வாரம் முன்னதாகப் பிறந்தவன், பாயில் போட்டாலே வீடு அதிரும்படி அழுவான். குளிப்பாட்டுகிற நேரத்தில் வரட்டுமா என்று கேட்டுக்கொண்டு போனேன். அப்பத்தா பலகை மேல் உட்கார்ந்து, கால் இரண்டையும் நீட்டி, பேரனைக் கெண்டைக்கால் மேல் குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அழுகைச் சத்தமே இல்லை. நாங்கள் ஆஸ்பத்திரியில் ஆப்புத் தலையணை (ஒரு பக்கம் உயர்ந்து சரிவாக இருக்கும் தலையணை) வைத்துச் செய்கிற வேலையைத்தான் அந்தக் கால் செய்துகொண்டிருந்தது! நான் சொன்னது இரண்டே திருத்தம். நெஞ்சுப் பக்கத்துக் காலைச் சற்று உயர்த்தச் சொன்னேன். பிள்ளையின் கை இரண்டையும் அந்தக் காலுக்கு முன்னால் எடுத்துவிடச் சொன்னேன். பிறகு கண்ணுக்கு நேரே பித்தளைச் செம்பை நீட்டினேன். அதில் தெரிந்த முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கினான். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் வரை நின்றது, பிறகு தொங்கிவிட்டது. "ஆத்தா, இன்னொரு வாட்டி காட்டு" என்றார் அப்பத்தா. மறுபடியும் காட்டினேன்.

நீங்களும் இதையே செய்யுங்கள். பால் குடித்தவுடன் வேண்டாம். எண்ணெய் தேய்ப்பதற்கு முன்பே முடித்துக்கொண்டால் வழுக்காது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது இரண்டையும் அறவே விட்டுவிடுங்கள்.

3. தரையில் விடுங்கள்

இடுப்பிலும் தூளியிலுமே நாள் முழுக்க இருக்கும் பிள்ளைக்கு உருளவும் புரளவும் இடம் ஏது? கோரைப்பாயை விரித்துக் கீழே விடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த வீடாக இருந்தால் அந்தப் பூ வேலைப்பாடே பிள்ளையை இழுக்கும். பாயின் ஓரத்தில் ஒரு பூ தெரிகிற மாதிரி போடுங்கள், எட்டித் தொடப் பார்க்கும். ஆனால் அந்தத் தரை வழவழப்பானது. சாக்ஸைக் கழற்றி வெறுங்காலோடு விடுங்கள்.

உட்காரப் பழகும் பிள்ளையைச் சுற்றித் தலையணை அடுக்குவதைவிட, நீங்கள் சம்மணமிட்டு மடியில் உட்கார வைத்து இடுப்பை மட்டும் பிடித்துக்கொள்வது நல்லது. கொஞ்சம் நிலைத்ததும் ஓலைக் கொட்டான் ஒன்றில் பெரிய மரச் சொப்புகளைப் போட்டு, பிள்ளைக்கு முன்னால் வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். எடுப்பதற்காக உடம்பைத் திருப்பி ஒரு கையைத் தரையில் ஊன்றும். அந்த ஊன்றலிலிருந்துதான் தவழ்தல் பிறக்கிறது. இரண்டு நாள் வலப்பக்கம் என்றால் இரண்டு நாள் இடப்பக்கம்.

4. எழுந்து நிற்கவும் நடக்கவும்

உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதுதான் நடைக்கு அஸ்திவாரம். முற்றத்தின் விளிம்பில், பாதம் இரண்டும் கீழே படும் உயரத்தில் பிள்ளையை உட்கார வைத்து, எதிரே நீங்கள் உட்கார்ந்து பொம்மையைக் காட்டுங்கள். நெஞ்சு முன்னால் சாய்ந்து தானாக எழ வேண்டும். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நடத்திப் பழக்கும்போதும் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்காமல் இடுப்பைப் பிடியுங்கள்.

உள்ளே உட்கார வைக்கும் சக்கர வாக்கரை வாங்கவே வாங்காதீர்கள். நடையைத் தாமதப்படுத்துவதோடு, படியும் தாழ்வாரமும் நிறைந்த நம் வீடுகளில் உருண்டு விழுந்தால் மண்டை உடையும். கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம் மூன்று சக்கர மர நடைவண்டி வேறு கதை: பிள்ளை தன் எடையைத் தானே தாங்கி, பின்னால் நின்று தள்ளுகிறது. வழவழப்பான தரையில் வண்டி ஓடிவிடும் என்பதால் குறுக்குச் சட்டத்தில் சின்ன மணல் பையைக் கட்டி, சிமெண்டுத் தரையிலோ மண் வாசலிலோ விடுங்கள். எழுந்து நிற்கத் தெரிந்த பிறகுதான் இது. கூட ஆள் இருக்க வேண்டும்.

5. கை வேலை, கால் விளையாட்டு

9 மாதத்துக்கு மேல் இட்லியைச் சின்னத் துணுக்காகப் பிய்த்துத் தட்டில் போட்டு, தானே இரண்டு விரலால் எடுக்க விடுங்கள். சிந்தட்டும். 2 வயதுப் பிள்ளைக்கு முறுக்கு மாவில் ஒரு உருண்டை கொடுங்கள். 4 வயதில் பாண்டியும் நொண்டியும் ஒற்றைக்காலில் நிற்கக் கற்றுத்தரும். பல்லாங்குழிப் புளியங்கொட்டை மட்டும் எதையும் வாயில் போடும் வயது தாண்டிய பிறகு.

6. எப்போது எங்களிடம் வர வேண்டும்

4 மாதத்தில் தலை நிற்கவில்லை. அந்த வயதிலும் கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கை எப்போதும் மூடியே இருக்கிறது. 9 மாதத்தில் உட்காரவில்லை. ஒரு வயதுக்குள்ளேயே ஒரே கையைத்தான் பயன்படுத்துகிறது. துணி மாற்றும்போது கால் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்கிறது, அல்லது உடம்பு துவண்டு கிடக்கிறது. 18 மாதத்தில் நடக்கவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள். வந்த திறமை மறைந்துபோனால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பெருமூளை வாதமாக (மூளை பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத நிலை) இருந்தால் சீக்கிரம் தொடங்குகிற சிகிச்சைக்குப் பலன் அதிகம். "அவங்க அப்பச்சியும் லேட்டாத்தான் நடந்தாரு" என்று காத்திருந்த மாதங்கள் திரும்பக் கிடைக்காது. எத்தனை வீட்டில் இதைப் பார்த்துவிட்டேன்!

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் (ஆர்.பி.எஸ்.கே.) பிறந்ததிலிருந்து 18 வயது வரை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். அங்கன்வாடிக்கு வரும் அந்தக் குழுவிடம் காட்டினால், தேவைப்படும் பிள்ளையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு (குறையைச் சீக்கிரமே கண்டு சிகிச்சை தொடங்கும் இடம்) அனுப்புவார்கள்.

முதல் நாள் நாங்கள் பெரும்பாலும் பிள்ளையோடு விளையாடித்தான் பார்ப்போம். தசை இறுக்கம், தலை நிற்பது, இரு பக்கமும் ஒரே மாதிரி அசைகிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். புது இடத்தில் பிள்ளை அழுது எதையும் காட்டாமல் போகலாம். அதனால் வீட்டில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ ஒன்றும், பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டும் கொண்டு வாருங்கள். பிள்ளையைத் தினமும் குளிப்பாட்டுவது யாரோ, அவரையும் கையோடு அழைத்து வாருங்கள். வீட்டுப் பயிற்சியை நான் அவருக்குத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன்.