நியூகாசிலுக்கு நிலக்கரி: சீன மொழியினருக்கு விளக்கும் முறை

பாளையங்கோட்டையில் இருந்தபடி இணையவழியில் சீன மொழியினருக்கு ஆங்கிலம் கற்பிப்பவர், ‘கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்’ என்ற பழமொழிக்கு முன் ‘கோல்’ என்ற சொல்லை விளக்க வேண்டும். நிலக்கரியைக் குறிக்கும் அச்சொல் இன்று பெரும்பாலும் ஒருமையில் வரும். பழமொழியிலோ பழைய வழக்குப்படி பன்மையில் நிற்கிறது.

இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரையிலுள்ள நியூகாசில், பல நூற்றாண்டுகளாக லண்டனுக்குக் கப்பல் கப்பலாக நிலக்கரி அனுப்பிய ஊர் என்பதைச் சொல்லிவிட்டால், அங்கேயே நிலக்கரி சுமந்து செல்வது வீண்வேலை என்பது தானே விளங்கும். நாம் கேட்கும் ‘திருநெல்வேலிக்கே அல்வாவா?’ என்பதும் இதுதான் (அல்வாவை விளக்கப் புகுந்தால் பாடவேளை அதிலேயே கரைந்துவிடும்).

மாணவர் சிலர் ‘பான் மென் நோங் ஃபூ’ என்ற தொடரை இணையாகச் சொல்லக்கூடும்; அதை அப்படியே ஏற்கக் கூடாது. தச்சர்களின் ஆசானாகப் போற்றப்படும் லூ பானின் வாசலில் கோடரி வீசிக் காட்டுவதைக் குறிக்கும் அத்தொடர், வல்லவர் முன் திறமை காட்டும் செருக்கைப் பழிக்கிறது. ஆங்கிலப் பழமொழியில் செருக்குக்கு இடமில்லை, மிகுதியாக உள்ள இடத்துக்கே அப்பொருளைக் கொண்டுபோவதே அதன் பொருள். பத்தமடைக்குப் பாய் விற்கச் சென்றவர், கணித மேதைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர் என இரு சூழல்களைத் தந்து, எதற்கு எந்தத் தொடர் பொருந்தும் என்று எழுதச் செய்யலாம்.